புள்ளி விழாத தெரு

பொங்கலூரில் எங்கள் கோழிப்பண்ணையின் கூரை பறந்துபோன செய்தி எனக்கு மாமா பையனின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வழியாகத்தான் வந்தது. திருப்பூரில் கல்லூரி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு தூறல்கூட இல்லை. போனைத் திறந்தால், சோகப் பாட்டு ஒன்று பின்னணியில் ஓட, எங்கள் பண்ணையின் தகரங்கள் பக்கத்துத் தோட்டத்துத் தென்னைகளில் துணி காயப்போட்டதுபோல் மடிந்து தொங்கின. அப்பாவைக் கூப்பிட்டேன், லைன் போகவில்லை. அம்மாவுக்கும் அப்படியே. மாமா பையன் மரம் அறுக்கும் மெஷினைத் தேடிப் பல்லடம் போனவன், அங்கே டவர் கிடைத்ததும் முதல் வேலையாக ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறான். எனக்குப் போன் செய்ய அவனுக்குத் தோன்றவில்லை.

சக ஆசிரியை ஒருவரின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அப்பா தீவனத் தொட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். தலை ஈரம். அடி எதுவும் இல்லை. நல்லவேளையாகக் கோழிகள் முந்தின வாரமே லாரி ஏறியிருந்தன.

"ஆரு கண்ணு சொன்னது?" என்றார்.

"ஸ்டேட்டஸ்ல பார்த்தனுங்ப்பா."

"அப்ப ஊருக்கே தெரிஞ்சு போச்சு" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு சேர்த்து ஒரு யோசனையும் எனக்குக் கிடைத்தது. நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். கோயம்புத்தூரில் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துவிட்டு, மனதுக்கு ஒட்டுகிற தலைப்பு அமையாமல் திரிந்துகொண்டிருந்த காலம் அது. கூரை போனால் மக்கள் முதலில் போனிடம்தான் சொல்கிறார்கள். பொதுவில் எல்லோரும் பார்க்கும்படி போடுகிற அந்தப் பதிவுகளையெல்லாம் சேர்த்து ஒரு வரைபடத்தில் வைத்தால், காற்று எங்கே கடிக்கிறது, யாருக்கு அதிகம் வலிக்கிறது, யார் சீக்கிரம் எழுந்து நிற்கிறார்கள் என்று தெரியாதா?

என் வழிகாட்டிப் பேராசிரியை யோசனையைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கடலோர நகரங்களுக்கு இப்படிச் செய்கிறார்கள், நம் பக்கத்துக்கு யாரும் செய்ததாகத் தெரியவில்லை என்றார். நம் பக்கத்தில் புயல் வராது என்பதுதான் பேச்சு. சாயங்காலம் கிளம்பி அரைமணி நேரம் ஆடிவிட்டுப் போகிற கோடைக்காற்றுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. பெயர் இல்லாததால் அது யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

வேலையைத் தொடங்கிய பிறகு நான் சிரித்த சிரிப்புக்கு அளவில்லை. 'புயல்' என்று தேடினால் கபடிக் குழுக்களும் தலைவர்களின் பிறந்தநாள் போஸ்டர்களும் வந்தன. 'காற்று' என்றால் காதல் கவிதை. 'வெள்ளம்' என்றால் ரசிகர் வெள்ளம், பக்தர் வெள்ளம், போதாததற்கு அச்சுவெல்லம் விற்கிறவர் ஒருவர் எழுத்துப்பிழையோடு போட்ட விளம்பரம். புத்தகத் தமிழில் தேடினால் நம் ஊர் அகப்படாது என்று புரிய ஒரு மாதம் ஆனது. "கரண்டு போச்சு", "ஷீட்டு பறந்துருச்சு", "மரம் சாஞ்சுருச்சுங்க", "ரோட்டுல தண்ணி" என்று நாங்கள் பேசுகிற மாதிரியே கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதன் பிறகு அது மளமளவென்று பதிவுகளைப் பொறுக்கித் தந்தது.

அந்தக் கோடையில் அடித்த பெரிய காற்று ஒன்றுக்கு முதல் வரைபடம் தயாரானது. ஒவ்வொரு பதிவும் ஒரு சிவப்புப் புள்ளி. திருப்பூரின் புது அப்பார்ட்மெண்டுகள் இருக்கிற பக்கம் புள்ளிகள் மொய்த்தன. உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலைகளுக்குப் பின்னால் கறுத்து நிற்கும் வானத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். பல்லடத்திலும் புள்ளிகள் இருந்தன. பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள்தான் திருப்பூரை ஒட்டிய மங்கலம் கண்ணில் பட்டது. அங்கே விசைத்தறிக் கூடங்களுக்குப் பின்னால் ஒற்றை அறைகளாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள் வரிசையாக இருக்கிற ஒரு பகுதி, வரைபடத்தில் வெள்ளையாக இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. கம்ப்யூட்டர் கணக்கில் அது பாதிப்பே இல்லாத இடம். ஆனால் நான் குடியிருக்கும் இடத்திலிருந்து தினமும் கல்லூரிக்குப் போகிற பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. காற்றடித்த மறுநாள் காலை ஜன்னல் வழியாக நானே பார்த்திருக்கிறேன்: வேப்பமரத்தின்மேல் சிமெண்ட் ஷீட்டின் துண்டுகள், சாக்கடை ஓரம் நனைந்த பாய்கள், ஒரு வீட்டின் நான்கு சுவர்களுக்குள்ளே நின்று தண்ணீரை வாரி இறைக்கும் ஓர் ஆள்.

பேராசிரியையிடம் சொன்னேன். பதிவு இல்லாத இடத்தைப் பற்றி எதை வைத்து எழுதுவாய் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தேடிப் பார்க்க ஒரு மாதம் கொடுங்கள் என்றேன்.

முதலில் மொழியை மாற்றினேன். அந்த லைன் வீடுகளில் பெரும்பாலும் ஒடிசா, பீகார் என்று வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள். நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே தேடியிருந்தேன். இந்தி நடத்தும் சக ஆசிரியை ஒருவர் உதவினார். ஒடியா எங்கள் இருவருக்குமே தெரியாது. போனில் இருந்த மொழிபெயர்ப்பை நம்பினோம். இடத்தைப் பார்க்காமல், காற்றடித்த தேதியை வைத்துப் பத்துநாள் தேடியதில் கிடைத்தவற்றில் ஒன்று ஒரு நிமிட வீடியோ. நைட்டியின்மேல் துண்டு போட்ட ஒரு பெண் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருக்கிறாள். பிறகு போனை மேலே திருப்புகிறாள். கூரை இல்லை. மேகம் கலைந்த நீல வானம். அவள் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்கிறாள். மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தபோது, "எங்கள் அறைக்குள் இன்று வானம் வந்திருக்கிறது" என்று வந்தது.

இடம் என்று அவள் குறித்திருந்தது ஒடிசாவில் கடலோரத்தில் ஒரு கிராமம். அதனால்தான் என் வரைபடத்தில் விழவில்லை. ஆனால் வீடியோ முடிகிற நொடியில், சுவருக்கு அப்பால் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. தொட்டியின்மேல் பனியன் போட்ட மீசைக்காரர் ஒருவர், பாதி அழிந்துபோன பழைய விளம்பரம். அந்த மீசையை நான் தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனிகளுக்கு லீவு. தொட்டிக்குப் பக்கத்தில் இறங்கினேன். டீக்கடையில் வீடியோவைக் காட்டி விசாரித்திருக்கலாம். முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு பெண்ணின் முகத்தைக் காட்டி விலாசம் கேட்க மனம் வரவில்லை. லைன் வீடுகளுக்கு நடந்தே போனேன். குழாயடியில் குடம் வைத்துக்கொண்டு அவளே நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, கணவர் தறி ஓட்டுகிறார். சூப்பர்வைசர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்ட தமிழ், வேகமாகப் பேசினாள்.

முதலில் நான் ஏதோ கணக்கெடுக்க வந்திருப்பதாக நினைத்தாள். வீடியோவைப் பார்த்தேன் என்றதும் வெட்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் செய்கிற வேலையைச் சொல்லி, அந்த வீடியோவை வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்திருக்கிறேன் என்றேன். அவள் சிரிப்பு நின்றது.

"கேக்காம வெச்சீங்களா அக்கா?"

எல்லோருக்கும் பொதுவாகப் போட்டது, ஆராய்ச்சியில் சேர்க்க விதி அனுமதிக்கிறது. அவள் முகத்துக்கு நேரே நின்றபோது அந்த விதியைச் சொல்ல நாக்கு எழவில்லை. வேண்டாம் என்றால் இப்போதே எடுத்துவிடுகிறேன் என்றேன். உள்ளே போய்க் கணவரிடம் பேசிவிட்டு வந்தாள். புள்ளி இருக்கட்டும், முகம் மட்டும் எந்தப் புத்தகத்திலும் வரக்கூடாது என்றாள். முகம் தன்னுடைய ரசிகர்களுக்காம். நான் ஒத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் குடத்தை இறக்கிவைத்துவிட்டு உட்காரச் சொன்னாள்.

வீடியோவின் கீழே ஊர்க்காரர்கள் எழுதியிருந்த கமெண்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்னாள். அவை எல்லாம் புயலோடு பழகியவர்கள் எழுதியவை. ஷீட்டின்மேல் கல் வைக்காதே, பறந்து தலையில் விழும், குறுக்கே கயிறு கட்டு என்று ஒருவர். மெயின் சுவிட்சை அணைத்தாயா என்று இன்னொருவர். பல பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: உங்கள் ஊர்ப் புயல் பாதுகாப்புக் கட்டடம் எங்கே இருக்கிறது, அங்கே ஏன் போகவில்லை? ஒடிசாக் கடலோரத்தில் புயலுக்கு ஓடி ஒதுங்க ஊருக்கு ஊர் அப்படி ஒரு கட்டடம் உண்டாம்.

"இங்க புயல் வராதுன்னு சொல்றாங்க அக்கா. அப்ப என் ஷீட்டு யாரு எடுத்துட்டுப் போனாங்க?" என்று கேட்டாள்.

மற்றவர்கள் ஏன் எதுவும் போடவில்லை என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். கரண்டு போனால் போன் அணைந்துவிடுகிறது, மறுநாள் கம்பெனியில்தான் சார்ஜ் என்றார்கள். இருக்கிற சார்ஜில் ஊருக்குப் பேசிவிடுகிறார்கள். தறி ஓட்டும் இளைஞர் ஒருவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. படம் எடுத்து வைத்திருந்தாராம், போடவில்லை. அம்மா பார்த்தால் உடனே கிளம்பி வா என்பாள் என்றார். வரைபடத்தில் இருந்த அந்த வெள்ளை இடத்துக்குள் இப்படியும் ஒரு அன்பு ஒளிந்திருக்கும் என்று எந்தச் சூத்திரமும் எனக்குச் சொல்லவில்லை.

பாதுகாப்புக் கட்டடம் பற்றிய கேள்வி என்னோடே பஸ்ஸில் வந்தது. அடுத்த ஞாயிறு மறுபடி போய், அன்று காற்றடித்தபோது யார் எங்கே ஓடினீர்கள் என்று கேட்டேன். நிறையப் பேர் ஒரே இடத்தைக் காட்டினார்கள். தெருமுனையில் பனியன் கம்பெனிக் கழிவுத்துணி வாங்கி விற்கும், எல்லோரும் பாய் என்று கூப்பிடுகிற ஒரு வியாபாரியின் குடோன். அந்தப் பகுதியில் கான்கிரீட் கூரை போட்ட பெரிய கட்டடம் அது ஒன்றுதான். பூட்டியிருந்ததால் மாடிப்படிக்குக் கீழே ஒண்டி நின்றிருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணும் நானும் சேர்ந்தே அவரைப் பார்க்கப் போனோம். ஐம்பது வயதைத் தாண்டியவர், நிதானமான பேச்சு. சுவரில் ஒட்டியிருந்த அந்த முதல் வரைபடத்தை மேசைமேல் விரித்தேன். நீண்ட நேரம் பார்த்தார். தன் தெரு வெள்ளையாக இருப்பதை விரலால் தடவிக் காட்டி, இங்கே யாருமே இல்லாத மாதிரி இருக்கிறதே அம்மா என்றார். பிறகு தன் சங்கடத்தைச் சொன்னார். உள்ளே முழுக்கப் பருத்தித் துணி. ஒருத்தர் பீடி பற்றவைத்தால் போதும். கதவைத் திறந்துவிட முடியாததற்கு அதுதான் காரணம்.

நான் பதில் யோசிப்பதற்குள் அவர் மனைவி உள்ளிருந்து வந்து, முன்கூடத்தில் கிடக்கும் மூட்டைகளைப் பின்னால் தள்ளிவிட்டு நடுவில் இரும்பு ஷட்டர் போட்டால் என்ன என்று கேட்டார். பாய் அவரையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பீடி, அடுப்பு ரெண்டும் கூடாதும்மா. அத நீங்கதான் அவங்க பாஷைல சொல்லணும். மத்தபடி கதவு தொறந்திருக்கும், இன்ஷா அல்லாஹ்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

லைன் வீடுகளின் சொந்தக்காரரைச் சந்திப்பதுதான் கடினமாக இருந்தது. தோட்டமும் நிட்டிங் மெஷின்களும் வைத்திருக்கிற கவுண்டர். மோர் கொடுத்து உபசரித்துவிட்டு, அதே மரியாதையோடு நேராகக் கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், நான் குடுத்த ஊடு சரியில்லீன்னு பொஸ்தகத்துல எழுதப் போறீங்களா?"

யார் பெயரும் வராது என்றேன். பெயர் போடாவிட்டாலும் ஊருக்குத் தெரியும் என்றார். அப்போது எங்கள் பண்ணைக் கூரை போன கதையைச் சொன்னேன். சாதாரண ஆணியைப் பிடுங்கிவிட்டு, கொக்கிபோல் வளைந்த போல்ட்டால் ஷீட்டைக் கூரையைத் தாங்கும் இரும்புக் குழாயோடு சேர்த்து முடுக்கி அப்பா மறுபடி கூரை போட்டதையும் சொன்னேன். கவுண்டரின் தோட்டத்து ஷெட்டிலும் ஒருமுறை அப்படிப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு அரைமணி நேரம் ஷீட்டைப் பற்றியும் காற்றின் திசையைப் பற்றியும் பேசினார். கிளம்பும்போது எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் தை மாதத்தில் ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது, லைன் வீடுகளின்மேல் இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். கண்டக்டர் ஸ்டாப்பிங்கா என்று கேட்டார்.

அடுத்த கோடை வந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஒடியாவிலிருந்து நான் போனில் மொழிபெயர்த்து வைத்திருந்த சில வரிகளைச் சரிபார்க்க அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தேன். மேற்கே வானம் செம்மண் நிறத்துக்கு மாறியது. தூசி வாசனை அடித்தது. அவள் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போனை வாயருகே வைத்து ஒடியாவில் ஒரு குரல் பதிவு போட்டாள். பிறகு இந்தியில். பிறகு தமிழில்: "காத்து வருது, மெயின் ஆஃப் பண்ணு, பிள்ளைங்கள எடு, பாய் குடோன் வா." அந்தத் தெருவுக்கென்று அவளும் பாயின் மனைவியும் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது அது. நான் கூடவே ஓடினேன்.

ஷட்டருக்கு முன்னால் இருந்த கூடம் நிறைந்தது. பாயின் மனைவி பிளாஸ்க்குகளில் டீ தயாராக வைத்திருந்தார். தகரம் அதிர்கிற சத்தம் வெளியே எழுந்தது. குழந்தை ஒன்று அழுதது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து தையல் வேலை பார்க்கும் ஒரு பெண் அதை வாங்கி மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தார். குழந்தையின் அம்மா பீகார்க்காரர். அவர்கள் இருவரும் ஒரே தெருவில் மூன்று வருடமாக இருந்தும் அன்றுதான் முதல்முறையாகப் பேசிக்கொண்டார்களாம். கரண்டு போனது. பாய் இன்வெர்ட்டரைப் போட்டு, நீளமான பிளக் பலகை ஒன்றை இழுத்துவந்து தரையில் வைத்தார். எல்லாப் போன்களும் அதைச் சுற்றி அடுக்கப்பட்டன.

காற்று நின்றதும் மழையோடே வெளியே வந்து பார்த்தோம். கோடியில் இருந்த இரண்டு அறைகளில் ஷீட்டு உடைந்திருந்தது. வேப்பமரத்தின் கிளை ஒன்று ஒருவருடைய பைக்கின்மேல் கிடந்தது. யாருக்கும் அடி இல்லை. கவுண்டர் மழை விடுவதற்குள் டார்பாலினோடு வந்துவிட்டார். போல்ட் போட்ட அறைகளை ஒவ்வொன்றாக நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, கோடி அறைகளுக்கு மட்டும் வேலை பாக்கி இருந்ததாக என்னிடம் சொன்னார். அடுத்த வாரம் அதையும் முடித்தார்.

மறுநாள் கம்ப்யூட்டரில் பதிவுகளைத் திரட்டினேன். அந்தத் தெருவில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. மூன்று மொழிகளில். பிளக் பலகையைச் சுற்றிக் கிடந்த போன்களின் படம், ஆவி பறக்கும் டீ, உடைந்த ஷீட்டு. அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று படத்தைப் போடாமல் விட்ட அந்த இளைஞரும் ஒன்று போட்டிருந்தார், குடோன் கதவில் சாய்ந்து நின்றபடி. பேராசிரியைக்கு வரைபடத்தை அனுப்பினேன். உடனே போன் வந்தது. அமைதியாக இருக்கிற இடங்களுக்கென்றே தனி அத்தியாயம் எழுது என்றார். முந்தைய வருடம் என்னை மடக்கிய குரலில் இப்போது அவசரம் தெரிந்தது.

அத்தியாயத்தை எழுதி முடித்து, அந்தப் பெண்ணுக்கு உட்கார்ந்து தமிழில் விளக்கினேன். அவளைப் பற்றிய பத்தியில் ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். 'பாதிக்கப்பட்டவர்' என்று எழுதியிருந்தேன். அன்று தான் சமைத்துக்கொண்டிருந்ததாகவும், சாப்பாடு நன்றாக வந்ததாகவும் எழுதச் சொன்னாள். மாற்றினேன். பிறகு அவளே முழு ஆராய்ச்சியையும் ஒடியாவில் ஒரு நிமிடத்துக்குள் சொல்லி வீடியோ போட்டாள். என் ஆய்வேட்டை ஆயுள் முழுக்க வாசிக்கப்போகிறவர்களைவிட அதிகம் பேர் அதை ஒரே வாரத்தில் பார்த்துவிட்டார்கள்.

அதன் கீழே ஒரு கமெண்ட். எழுதியவர் உடுமலைப்பேட்டைக்கு அந்தப் பக்கம் தென்னைநார் ஆலை ஒன்றில் வேலை செய்கிறார், அவளுடைய மாவட்டத்துக்காரர். ஆலைக்குப் பின்னால் ஷெட்டுகளில் பதினைந்து குடும்பங்கள் இருக்கிறோம், அருகே எந்தக் கட்டடம் பலமானது என்று எங்களுக்குத் தெரியாது, யாராவது வந்து பார்ப்பீர்களா என்று கேட்டிருந்தார். அவள் என்னிடம் கேட்காமலே, வருகிறோம் என்று பதில் எழுதிவிட்டாள்.

எழுதிய பிறகுதான் எனக்கு அனுப்பினாள். நான் என் பழைய வரைபடங்களை எடுத்துப் பார்த்தேன். அந்த ஆலை இருக்கிற இடத்தில் புள்ளி எதுவும் இல்லை, தென்னந்தோப்பைக் காட்டும் வெறும் பச்சை. வருகிற ஞாயிறு காலை இருவரும் கிளம்புகிறோம். கமெண்ட் போட்டவர் உடுமலை பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். ஜன்னலோர சீட்டு தனக்குத்தான், வழியெல்லாம் வீடியோ எடுக்க வேண்டும் என்று அவள் இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள்.